நாற்பத்தொன்றாம் எலி

பக்கவாதம் வந்த எலிகளுக்குக் கழுத்துத் தமனி வழியாக ஸ்டெம் செல் செலுத்தியதும் ஒரே வாரத்தில் எழுந்து ஓடின. மனிதர்களுக்கு அனுமதி கிடைக்க இன்னும் பதினோரு கமிட்டிகள் கூட வேண்டியிருந்தது. அதனால், ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரித்த செங்கோடனுக்கு வலப்பக்கம் விழுந்துபோனபோது, அவர் மனைவி பாவாயி இயக்குநர் ஆனந்தரங்கனிடம் நேராகவே கேட்டாள்.

"எலின்னே எழுதிக்குங்க சார். எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க."

இயக்குநர் மனிதநேயத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, 'எலி எண் 41' என்று எழுதினார். படிவத்தில் கிராம் மட்டுமே இருந்ததால் எடை அறுபத்தெட்டு கிராம் என்றானது.

செல் செலுத்திய ஒன்பதாம் நாள் செங்கோடன் தானே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். இருபத்தெட்டாம் நாள் இயக்குநர் சங்கடத்தோடு வந்து நின்றார்.

"விதிப்படி இன்னிக்கு மூளையை எடுத்து வெட்டிப் பாக்கணும்மா. அப்பதான் அறிக்கை முழுசாகும்."

"நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

"எலியை வெளியே அனுப்ப விதியில்லையே."

செங்கோடன்தான் வழி சொன்னார். "தப்பிச்சு ஓடிப்போச்சுன்னு எழுதிருங்க சார். வருசத்துக்கு நாலு அப்படித்தானுங்களே போகுது."

இயக்குநர் நிம்மதியாக அப்படியே எழுதினார். பாவாயி புருஷனைப் பஸ் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மறுவாரம் பதிவுத் தபால் வந்தது. கூண்டைச் சரியாகப் பூட்டாமல் நாற்பத்தொன்றாம் எலியைத் தப்பவிட்டது ஏன் என்று, பராமரிப்பாளர் செங்கோடனிடம் இயக்குநர் விளக்கம் கேட்டிருந்தார்.

தபால்காரர் நீட்டிய சீட்டில் செங்கோடன் வலக்கையால், நடுக்கமில்லாமல், கையெழுத்துப் போட்டார்.