வேண்டாம் என்ற கடிதம்

ஜனாதிபதி வேட்பாளராக விரும்புகிறவர் அதை வாய்விட்டுக் கேட்கக் கூடாதாம். அந்தக் காலத்தின் பொல்லாத மரியாதை அது. அதனால் கவர்னர் லாத்ரோப் தன் பண்ணையில் பேசாமல் இருந்தார். கட்சிப் பிரதிநிதிகள் தங்கிய ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கி, நாய்படாத பாடுபட்டு ஓட்டுச் சேர்த்தவன் அவருடைய கையாள் டாப்னி. ஊர் மெச்சுவதற்காக, "எனக்குப் பதவி வேண்டாம்" என்று கவர்னர் பெயரில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவனும் அவன்தான்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் எதிரணிக்காரன் அதே கடிதத்தை உரக்கப் படித்தான்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்யா! அவரை வற்புறுத்தக் கூடாது, விட்டுடுவோம்!" என்று சபையே எழுந்து நின்று கைதட்டியது.

டாப்னியின் சட்டைப்பையில் கவர்னரின் ஏழாவது தந்தி இருந்தது: "இன்னும் எத்தனை ஓட்டு குறைகிறது?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவனும் கைதட்டினான், யாரையோ அறைகிற மாதிரி.