வாழைக்கு ஆகாதவர்

மாப்பிள்ளை வீட்டார் வேனை விட்டு இறங்கியதும் மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரம் இரண்டும் கருகிப்போயின. அபசகுனம் என்று சொல்லி மாப்பிள்ளையின் அம்மா கோமளம் படியேற மறுத்துவிட்டாள். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பெண்ணின் அப்பா வீரணன் அவசரமாக வேறு மரங்களைக் கட்டவைத்தார்.

“இதுவும் நான் உருவாக்கின ரகம்தான். நோய் வராம கருகவே கருகாது” என்று கோமளத்தின் தம்பி, முனைவர் தில்லைநாதன், இலையைத் தடவிக் காட்டினார். அதுவும் கருகியது.

“சார் கிட்டப் போனாத்தானே கருகுது?” என்றார் வீரணன்.

எந்த நோய் வந்தாலும் அதற்கென்று புது மரபணுவை உண்டாக்கிக்கொண்டு, நோய் தொட்ட இடத்தைத் தானே கருக்கித் தப்பிக்கும் வாழை அது. அதன் ஒவ்வொரு தலைமுறைக் கன்றின் இலையிலும் ஊசி குத்திச் சோதித்தவர் தில்லைநாதன் ஒருவர்தான்.

அவர் யோசித்தார். ஒன்று, ரகம் தோல்வி. இல்லையென்றால், நோய் அவர். நாகஸ்வரக்காரரின் மைக்கை வாங்கினார்.

“பெரியோர்களே, வாழை சரியாத்தான் வேலை செய்யுது. நோய் நான்தான்.”

பலத்த கைதட்டல்.

“இத நான் அவன் அரை டவுசர் போட்ட காலத்துலேருந்து சொல்றேன், எவன் கேட்டான்?” என்றாள் கோமளம். “அவன சமையக்கட்டு வழியா வரச் சொல்லுங்க. நாம உள்ள போவோம்.”

மூன்றாவதாகக் கட்டிய வாழை பச்சையாகவே நின்றது. தாலி ஏறியது.

பந்தியில் எல்லாருக்கும் வாழையிலை. தில்லைநாதனுக்கு மட்டும் எவர்சில்வர் தட்டு. அதை அவர் நெஞ்சுக்கு நேராக விருதுபோல் பிடித்து, போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.