புல்லை அளந்த கருவி

வேடனின் வில்லில் தூரம் காட்டும் கருவி புதிதாக ஏறியிருந்தது. பொத்தானை அழுத்தினால் எதிரில் இருப்பது எத்தனை மீட்டர் என்று காட்டும். அளக்க முடியாவிட்டால் வெறும் கோடு காட்டும்.

அன்று மூடுபனி. மானைக் கண்டதும் வேடன் பொத்தானை அழுத்தினான். கருவி "இருபது" என்றது.

நாணில் இருந்த அம்பு கேட்டது: "தம்பி, நீ அளந்தது மானையா, முன்னால நிக்கிற புல்லையா?"

"தெரியலண்ணே."

"அப்ப கோட்டைக் காட்டேன்."

"எனக்கு முன்னாடி இருந்தவன் கோட்டைத்தான் காட்டினான். கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டாங்க. இன்னும் அங்கதான் கிடக்கான்."

"போய்க் குத்தப்போறது நான்டா. நெஞ்சுல பட்டா அதோட முடிஞ்சிடும். வேற எங்கயாவது பட்டா..."

வேடன் நாணை விட்டான்.

மான் புல்லுக்கு வெகு பின்னால் நின்றிருந்தது. தாழ்ந்து போன அம்பு அதன் காலில் தைத்தது. அம்போடு நொண்டியபடியே மான் பனிக்குள் மறைந்தது.

தேடிச் சலித்துத் திரும்பிய வேடன், பழைய இடத்தில் நின்று புல்லை அளந்தான். இருபது.

"கருவி சரியாத்தான் இருக்கு" என்று அதைத் துடைத்தான்.

பனிக்குள் எங்கோ அம்பு புதரில் உரசும் ஓசை கருவிக்குக் கேட்டது. எவ்வளவு தூரம் என்று இம்முறை யாரும் கேட்கவில்லை.