முகிலனின் பிரஷ்

பல் துலக்கும் பிரஷ்ஷே வாயைச் சோதித்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். அது சொன்னால்தான் டாக்டர் பார்ப்பார். முகிலனோ வாய் கொப்பளிப்பதோடு சரி. “என் பிரஷ்ஷாலயும் உன் பல்லையே தேய்ச்சிரு” என்று மனைவி தமயந்தியின் தலையில் கட்டிவிட்டான். ஆறு வருடமாக அவள் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

இன்று கன்னம் பன் மாதிரி வீங்கிவிட, அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கதறினான்.

“உங்க பல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கு சார். இடது கடைவாய்ப்பல் ஒண்ணுதான் இல்ல. அடுத்த வருஷம் வாங்க” என்று வைத்துவிட்டார்கள்.

“எனக்கு எப்படி பல்லு விழுந்துச்சு?” என்று முனகினான்.

தமயந்தி அவன் பிரஷ்ஷை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயைத் திறந்து இடப்பக்க ஓட்டையைக் காட்டினாள்.

“கல்யாணமான மூணாம் மாசம் அறைஞ்சீங்களே, அப்ப விழுந்ததுங்க.”