மூன்று முறை கூப்பிட்டால்

பொங்கியண்ணன் எழுந்திருக்கவில்லை.

பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள். எல்லைக்கல்லை ஒட்டிய வெற்றுநிலத்தில் ஒரே ஒரு வெள்ளைத் துணி மட்டும் நீளமாகக் கிடந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாசாணம் தப்பட்டையை நிறுத்திவிட்டு மெர்சியைப் பார்த்தார்.

"டீச்சர், இன்னொருக்கா அடிக்கட்டுங்களா?"

"வேண்டாம். இருங்க."

வேலந்தாவளத்துக்குத் தெற்கே, கல்லுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. ஆறு வருஷத்துக்கு முன்பு, தொண்ணூறில், வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டன. துரத்தலுக்குப் பயந்து ஓடிய அந்தப் பக்கத்து அப்துல் மஜீத், இருட்டில், தன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த பொங்கியண்ணன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்தார். மறுநாளே பொங்கியண்ணன் தன் நிலத்தின் வழியே போன பாதையை முள்வேலி போட்டு அடைத்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் சுற்றி வருகிறார்கள்.

மெர்சி அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர். சூலூர்க்காரி. சனிக்கிழமைகளில் எல்லைக்கல் அருகே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் விளையாட விட்டாள். பிறகு பெரியவர்களைக் கலந்து கபடி. அதற்குப் பிறகுதான் கூத்து. கூத்தின் முடிவு, கோயில் நோம்பியில் நடக்கிற படுகளம்போல. செத்தவர்களாகப் பதினொரு பேர் துணி போர்த்திக் கிடப்பார்கள். எதிர்ப்பக்கத்து ஆள் தண்ணீர் தெளித்து மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிட வேண்டும்.

"பதினொரு பேரும் எந்திரிச்சுப்போட்டா, வேலியை நானே பிரிச்சுப்போடறேன் டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் பொங்கியண்ணன்தான்.

இன்றைக்குப் பதினோராவது ஆள் வரவில்லை. "நான் படுத்துக்கறேனுங்க" என்று துண்டை உதறிவிட்டு அவரே போய்ப் படுத்தார்.

அவரை எழுப்ப யாரும் முன்வரவில்லை. கடைசியில் மஜீத்தின் மனைவி சாஜிதா பேகம் செம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று முறை கூப்பிட்டாள்.

துணி அசையவில்லை.

"அட, கவுண்டரு கெட்டிக்காரருங்க!" கூட்டத்திலிருந்து தம்பிதுரை கத்தினான். "பந்தயமும் அவரே கட்டுனாரு, பொணமும் அவரே ஆயிட்டாரு பாருங்க!"

சிலர் சிரித்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

"ராவுத்தர் ஊட்டுப் பொம்பளை கூப்பிட்டா எந்திரிக்கக் கௌரவம் எடங்குடுக்கலையாட்ட இருக்குது" என்றார் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். "சாஜிதா, வந்துரு தாயி. இவங்க சவகாசமே நமக்கு வேண்டாம்."

விரித்திருந்த பாய்களைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். மெர்சி ஓடிப்போய்த் துணியருகே மண்டியிட்டாள்.

"எந்திரிங்கய்யா. எல்லாரும் கிளம்பறாங்க. இன்னைக்கு விட்டா இந்தப் பாதை எப்பவுமே திறக்காது."

தெளித்த தண்ணீரில் துணி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. மூக்கு, உதடு, நெற்றி எல்லாம் தெரிந்தன. கண்கள் மூடியிருக்கவில்லை. துணிக்கு அடியில் அவை திறந்தபடி இருந்தன. மூக்கருகே துணி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தொடுவதற்கு நீட்டிய கையை மெர்சி பாதியில் இழுத்துக்கொண்டாள்.

வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே குழிந்தது.

"டீச்சர்."

குரல் வெகு ஆழத்திலிருந்து வந்தது.

"அன்னைக்கும் மூணு தடவை கூப்பிட்டாருங்க. கெணத்துக்குள்ள இருந்து. இதே மாதிரி, பொங்கியண்ணான்னு."

மெர்சி இன்னும் குனிந்து காதைத் துணியருகே கொண்டுபோனாள்.

"ஊட்டுக்குள்ள படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். போய்த் தூக்குனா எங்காளுக என்ன பேசுவாங்களோன்னு… நாலாவது தடவை கூப்பிட்டாப் போலாம்னு இருந்தேன். நாலாவதா எம்பேரு வரலீங்க." துணி மறுபடி குழிந்தது. "அன்னைக்கு மூணுக்கு எந்திரிக்காதவன், இன்னைக்கு எப்படீங்க எந்திரிக்கறது?"

மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். செம்போடு சாஜிதா பக்கத்திலேயே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

செம்பைச் சாய்த்து மிச்சத் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கினாள். குனிந்து துணியின் மேல் தெளித்தாள்.

"பொங்கியண்ணா."

நான்காவது முறை.

துணிக்கு அடியில் நீண்ட மூச்சு ஒன்று இழுபட்டது. பொங்கியண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

மாசாணம் தப்பட்டையில் ஓங்கி அடித்தார். "வேலி போச்சு! வேலி போச்சு!" என்று பிள்ளைகள் பாதையை நோக்கி ஓடினார்கள். கத்திய தம்பிதுரையே அரிவாளோடு முன்னால் ஓடினான். பாய்களைச் சுருட்டியவர்கள் அப்படியே நின்றார்கள்.

பொங்கியண்ணன் கைகூப்பினார். நனைந்த துணி இன்னும் தோளில் தொங்கியது.

"தெரிஞ்ச பொறகும் கூப்பிட்டீங்களே அம்மணி. உங்களுக்குப் பெரிய மனசு."

சாஜிதா காலிச் செம்பைக் கீழே வைத்தாள். தப்பட்டைச் சத்தத்தில் அவள் சொன்னது மெர்சிக்கும் அவருக்கும் மட்டும்தான் கேட்டது.

"நாலாவது தடவையும் கூப்பிட்டாருங்கண்ணா. எம்பேரைச் சொல்லி. கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன். தாழ்ப்பாளை எடுக்கலை."