பேச்சுக்கு எட்டு

"இது விளையாட்டா, கணக்குப் பரீட்சையா?" பென்சிலை மேஜையில் போட்டான் மெர்வின்.

"ரெண்டும்தான். எழுதுண்ணே. வலிமை, வேகம், பேச்சு. மொத்தம் பன்னிரண்டு புள்ளி. மூணுக்கும் பிரிச்சுப் போடு" என்றாள் தங்கை டார்லின்.

மெர்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாளையங்கோட்டையில் தமிழ் வாத்தியார் அவன். பட்டிமன்றத்தில் எழுந்து நின்றாலே கைதட்டல் விழும். ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டு மாடியில் இந்தக் கதை விளையாட்டு நடக்கும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் புகுந்து விளையாட வேண்டும்.

இதுவரை ஆடியதெல்லாம் மெர்வின் கொண்டுவந்த முறை. புள்ளி இல்லை, பகடை இல்லை. ராஜாவை மசிய வைக்க வேண்டுமா? எழுந்து நின்று ராஜாவிடம் பேச வேண்டியதுதான். பேச்சு எடுபட்டால் காரியம் ஜெயம்.

இன்றைக்கு டார்லின் இருபது முகப் பகடையும் தடித்த விதிப்புத்தகமுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். "இதை ஆடுனாத்தான் நான் வருவேன்" என்று பிடிவாதம் வேறு.

"நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குட்டி மாத்துத? எல்லாத்துக்கும் ஒரு நம்பர் போட்டா கற்பனைக்கு எங்க இடம்?"

"உன் கேம்ல கதை நடத்துறவரு மனசு வச்சாத்தான் ஜெயிக்கலாம். பகடைக்கு வேண்டியவன், வேண்டாதவன் தெரியாது."

"கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பாத்தா புத்தி இப்படித்தான் போகும்வே" என்றான் செல்போன் கடை வைத்திருக்கும் இசக்கிமுருகன்.

நாலாவது ஆள் யாசர் லேசாகச் சிரித்தான். கங்கைகொண்டானில் டார்லினோடு அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவன். போன மாதம்தான் இந்த ஆட்டத்தில் சேர்ந்தான். எப்போதும் காவல்காரன் பாத்திரம்தான் எடுப்பான். எதைக் கேட்டாலும் "ம்". இல்லாவிட்டால் ஒரு தலையாட்டல். ஆசை இல்லாத ஆளை எதுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று மெர்வினுக்கு எரிச்சல்.

யாசர் தன் தாளை நகர்த்திக் காட்டினான். பாத்திரம்: தூதன். வலிமை இரண்டு, வேகம் இரண்டு, பேச்சு எட்டு.

"வாயே திறக்காத மனுசன் தூது போகப் போறாராம்லே!" இசக்கிமுருகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

டார்லின் சிரிக்கவில்லை. கதையைத் தொடங்கினாள்.

தாமிரபரணியில் வெள்ளம். ஆற்றங்கரை ஊர்ச் சனம் முழுக்க மேட்டுக் கோட்டை வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான் தளபதி. தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

வாள்வீரன் மெர்வின் எழுந்தான். "தளபதியாரே! கோட்டையைத்தான் கல்லால் கட்டினார்கள். உம் நெஞ்சையுமா? வாசலில் நிற்பது பகைவர் படையல்ல, பசித்த பிள்ளைகள்!"

இசக்கிமுருகன் மேஜையைத் தட்டினான்.

"பிரமாதம்ணே" என்றாள் டார்லின். "உன் பேச்சுப் புள்ளி ரெண்டு. பகடையும் சேர்ந்து இருபது வரணும். உருட்டு."

ஒன்பது விழுந்தது.

"தளபதி மசியல. கோவம் வேற வந்துட்டு. இனிமே இருபத்தஞ்சு வேணும்."

"அநியாயம்ட்டி! இம்புட்டுப் பேசியுமா?"

"வலிமைக்கு ஏழைப் போட்டுட்டு, பேச்சுல கஞ்சத்தனம் பண்ணுனது யாரு? தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. பிள்ளைகளைத் தோள்ல தூக்கிட்டு நிக்காங்க."

இசக்கிமுருகன் தன் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பேச்சுக்கு ஒன்றுதான் போட்டிருந்தான். எந்தப் பக்கம் விழுந்தாலும் எட்டாது.

யாசர் கையைத் தூக்கினான்.

அவன் எட்டுப் போக பகடையில் பதினேழுக்குக் குறையாமல் விழ வேண்டும். உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினான். நாலு தலையும் மேஜைமேல் குனிந்தன. பகடை உருண்டு, டீ டம்ளரில் மோதி, விளிம்புக்குப் போய், சுற்றிச் சுற்றி நின்றது.

பத்தொன்பது!

"தி... தி... திறந்துட்டான்!" நாற்காலி பின்னால் சாய யாசர் துள்ளி எழுந்தான். இசக்கிமுருகன் அவனை அப்படியே தூக்கிவிட்டான். மெர்வினுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"தூதன் என்ன சொல்லி மசிய வச்சான்? எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. அதுவும் இந்தக் கேம்ல ஒரு விதி" என்றாள் டார்லின்.

மெர்வின் ஆரம்பித்தான். இசக்கிமுருகன் இடையில் புகுந்தான். யாசர் இருவரையும் கையமர்த்தினான்.

"பி... பிள்ளைங்களை மட்டும்... மு... முதல்ல உள்ள விடுன்னேன்."

"சபாஷ்வே!" என்றான் இசக்கிமுருகன். சந்தோஷத்தில் பையனுக்கு நாக்குக் குழறுகிறது என்று நினைத்துக்கொண்டான் மெர்வின்.

யாசரும் இசக்கிமுருகனும் கிளம்பிப் போன பிறகும் மெர்வினுக்குப் படபடப்பு அடங்கவில்லை.

"நான் சொன்னது தப்புட்டி. உன் கேம் சூப்பர். அடுத்த வாரமும் இதையே ஆடுவோம். உனக்குத்தான் இது மேல எம்புட்டு ஆசை!"

"எனக்கா?" டார்லின் பகடையைப் பையில் போட்டாள். "இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் எனக்குச் சுத்தமா ஆகாதுண்ணே. உன் கேம்தான் எனக்கு உசிரு."

"பின்ன எதுக்கு என்கூட மல்லுக்கு நின்ன?"

"யாசருக்குப் பேச்சு திக்கும்ணே. பேசித்தான் ஜெயிக்கணும்னா, அவன் இன்னும் எத்தனை வாரம் காவல்காரனாவே நிப்பான்?"