எஃப் அமுக்கினால் உதை

விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். ரொட்டித்தூள் விழுந்தது, முடி விழுந்தது, கடித்துத் துப்பிய நகத்துண்டுகள் மூன்று விழுந்தன.

என் வீட்டுக்காரருடைய நகம். ஆள் கோபித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது, நகம் மட்டும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு விசையாகத் துடைத்தேன். டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கிலும் எழுத்தே அழிந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. இருபது வருஷமாகத் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறேன். நாலு எழுத்தைத் தொடக் கூசியது இதுதான் முதல் தடவை.

இன்று சாயங்காலத்துக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். 'எந்தப் பெண்ணோடும் எனக்குப் பேச்சு இல்லை, அது வெறும் விளையாட்டு. வா என்று ஒரு வார்த்தை சொல், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தார். என் பக்கத்து மனிதர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். தங்கை ஒருத்திதான், மாமா பாவம், கூப்பிட்டுக்கொள் என்று தினமும் நச்சரிக்கிறாள். நான்கு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். இப்போதும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் கம்ப்யூட்டரில் ஏதோ பரீட்சைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

அப்படி என்னதான் விளையாட்டு, நானே பார்த்துவிடுகிறேன் என்றுதான் அவர் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'புதுசு' என்று பெயர் கொடுத்தேன். அவருடைய படையின் பெயர் எனக்கு மனப்பாடம். இந்தக் கூடம் அதிர அவர் கத்திய பெயர்தானே.

சேர்த்துக்கொண்டார்கள்.

உள்ளே சேறு. கோட்டை வாசலில் பிணக்குவியல். வெட்டினவன் பிணத்தின்மேல் ஏறி நின்று இடுப்பை ஆட்டுகிறான். அதற்கென்று தனியாக ஒரு விசை வைத்திருக்கிறார்கள்.

ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் நடக்க. வலது சொடுக்கு கேடயம். இடது சொடுக்கு வாள். ஒன்றை அமுக்கினால் நம் ஆட்கள் நிற்பார்கள், இரண்டில் பின்னாலேயே வருவார்கள், மூன்றில் பாய்வார்கள். வீட்டில் சொடக்குப் போட்டு என்னிடம் காபி கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

எஃப் என்றால் உதை.

அங்கேதான் தகராறு. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று பழகிய கை. ஆள்காட்டி விரல் எங்கே போனாலும் எஃப்புக்கே திரும்பி வந்தது. முன்னால் நடக்க வேண்டியவள் உதைத்தேன். பக்கத்தில் நின்றவனை உதைத்தேன். அவன் அகழிக்குள் விழுந்தான்.

திரையின் மூலையில் எழுத்துகள் ஓடின.

'யாருப்பா இந்தக் கழுதை? நம்ம ஆளையே உதைக்குது.'

'திட்டாதீங்கடா, புதுசு. அண்ணி, கொஞ்சம் வாங்களேன்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்டுபிடித்துவிட்டார்களா? நான் இல்லை என்று எழுதப் போனேன்.

அதற்குள் வெள்ளைக் குதிரையில் ஒருத்தி வந்து நின்றாள்.

'வந்துட்டேன்' என்று எழுதினாள்.

'அண்ணன் இல்லாட்டி என்ன, அண்ணி இருந்தா கோட்டை நமக்குத்தான்' என்றான் அகழியில் கிடந்தவன்.

வாய்க்குள் கசந்தது. எச்சிலைக்கூட விழுங்கப் பிடிக்கவில்லை. அவரைக் கேட்டால், சும்மா பெயருக்கு என்பார். விளையாட்டுக்குள் ஆயிரம் பெயர் வைப்பார்கள் என்பார். சொல்லக்கூடியவர்தான்.

குதிரைக்காரி என்னிடம் மிகப் பொறுமையாகப் பேசினாள்.

'நீங்க டைப் படிச்சவங்களா? எனக்கும் மொதல்ல எஃப்லயே விரல் நிக்கும். கைய மொத்தமா ஒரு எழுத்து இடது பக்கம் தள்ளி வைங்க. ஏ மேல மோதிர விரல் வரணும்.'

தள்ளி வைத்தேன். நேராக நடந்தேன். நல்ல வாத்தியார்.

'அவ்வளவுதான். கீழ பாக்காதீங்க. விரலுக்குத் தனியா கண்ணு இருக்கு.'

கை நின்றுவிட்டது.

அது என் வாக்கியம். முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று நான் சொல்வது. இருபது வருஷத்தில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். எவளோ ஒரு பழைய மாணவி. முகங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன்.

'எங்க, இப்ப ஓடுங்க பாப்போம்' என்று திரையில் வந்தது.

அந்த வரி வருவதற்கு முன்னாலேயே எனக்குக் கேட்டுவிட்டது. சாத்திய கதவுக்குப் பின்னால் படபடவென்று விசைகள். கட்டைவிரல் இடைவெளிப் பலகையில் விழும் சத்தம் மூன்று தரம். கடைசியில் ஒரே ஒரு அழுத்தமான தட்டு.

நான் ஓடவில்லை.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. வெள்ளைக் குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. அதன்மேல் இருந்தவள் ஆள் இல்லாத பொம்மை மாதிரி தலையைத் தொங்கப்போட்டாள்.

கதவு திறந்தது.

"அக்கா, டீ போடப் போறேன். மாமாவுக்குப் பதில் அனுப்பிட்டியா இல்லியா?"

"இதோ, அனுப்பப் போறேன்" என்றேன்.

கையை ஒரு எழுத்து வலது பக்கம் நகர்த்தினேன். எஃப்பின் மேல் இருக்கும் சின்ன மேட்டை ஆள்காட்டி விரல், கீழே பார்க்காமலே, கண்டுபிடித்துக்கொண்டது.